காரின் கைப்பிடி

இன்று காலை பெட்டியைத் திறந்தேன். நீ எனக்குத் தைத்துக் கொடுத்த காக்கிக் கோட்டு மேலாகவே கிடந்தது, கடைசிப் பொத்தான் இல்லாமல். எத்தனை முறை துவைத்தாலும் பெட்ரோல் வாடை போகவில்லை. சனியன், கார் ஒழிந்து ஒரு வருடமாகிறது. வாடை மட்டும் வீட்டுக்குள் குடியிருக்கிறது.

நீ தையற்காரன், நான் மில்லில் இயந்திரம் பார்ப்பவன். நமக்கெதற்கு மோட்டார்? கப்பலேறிப் போன பிரஞ்சுத் துரை ஒருவர் கழித்துவிட்ட வண்டி அது. "மலிவா வருதுடா, ஆளுக்குப் பாதி போடுவோம். அவளால நடக்க முடியல. வில்லியனூர் மாதா கோயிலுக்காவது கூட்டிட்டுப் போவணும்" என்றாய். கால் முடங்கிய உன் மனைவி எனக்குத் தங்கச்சி மாதிரி. எப்படி மறுப்பேன்?

வாங்கியது மலிவுதான். வைத்திருந்ததுதான் யானையைக் கட்டித் தீனி போட்ட கதை. உன் தையல் கூலி பெட்ரோலாகப் போயிற்று, என் சம்பளம் டயராகப் போயிற்று. ரெட்டியார்பாளையம் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். நாம் தண்ணீர் தேடி ஓடுவோம். தங்கச்சி பின்சீட்டில் செபமாலையை உருட்டிக்கொண்டே, "அண்ணே, மாட்டு வண்டில வந்திருந்தா இந்நேரம் பூசைக்கே போயிருக்கலாம்" என்பாள். சிரிப்போம். அப்போது சிரிக்கத் தெம்பு இருந்தது.

தினமும் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்புவது என் வேலை. அதற்கு முன் ஸ்டியரிங் அடியிலுள்ள, இஞ்சினில் தீப்பொறி விழுவதைத் தாமதிக்கும் குச்சியைத் தள்ளி வைக்க வேண்டும். மறந்தால் கைப்பிடி திருப்பி அடிக்கும். சுற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்க வேண்டும், எதிர்ப்பக்கம் மடக்கக் கூடாது. இதையெல்லாம் நீ கேட்டாய், நான் சொல்லித்தரவில்லை. "நீ கத்திரிக்கோலப் புடி, இத நான் பாத்துக்கறேன்" என்றேன். உனக்குத் தெரியாத வித்தை ஒன்று என்னிடம் இருப்பதில் எனக்கு அத்தனை பெருமை.

மூலக்குளத்தில் இன்னொரு டயர் வெடித்த மறுநாள் நமக்குள் வாய்ச்சண்டை. தங்கச்சியை வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று நீ நின்றாய். "ஒன் வண்டிய நீயே சுத்திக்க!" என்று கத்திவிட்டு நான் மில்லுக்குப் போய்விட்டேன். நீ சுற்றினாய். அது திருப்பி அடித்ததில் உன் வலது மணிக்கட்டும் கட்டை விரலும் முறிந்தன. எலும்பு கூடிற்று. கத்திரிக்கோல் பிடிக்கும் பலம் மட்டும் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று குச்சியைப் பற்றியும் விரலைப் பற்றியும் சொன்னேன். நீ திட்டியிருந்தால் தேவலை. கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "ஒன் கோட்டுக்குப் பொத்தான் ஒண்ணு பாக்கி கெடக்குது. நீயே தச்சிக்க" என்றாய். பிறகு சிரித்தாய். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

காரை இரும்பு விலைக்குத் தள்ளினோம். உன் தையல் கடையில் இப்போது வேறு ஆள். போன மழையில் காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோயிற்று.

உன் சவப்பெட்டியின் முன்பிடியை நான்தான் பிடித்தேன். கல்லறை வாசலில் கை நழுவப் பார்த்தது. பின்னால் வந்தவர், "கட்ட வெரல மடக்கிப் புடிய்யா!" என்று அதட்டினார்.

மடக்க வரவில்லையடா. இன்றுவரை எதைப் பிடித்தாலும் வருவதில்லை.