அமைச்சரின் மகளுக்குக் கார் பழக்கியது

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். தெருவெல்லாம் ஈர இலை, பிரேக் பிடித்தால் வழுக்குகிறது. காருக்குக் குளிர்கால ரயர் மாற்ற வேண்டும். இன்று மூன்று பேருக்குக் கார் பழக்கினேன். கடைசி ஆள் மில்லிக்கன் பகுதியில், லின்.

லின் ஐம்பதை நெருங்கும் சீனப் பெண். பெரிய வீடு, தனியாள். எந்நேரமும் ஒரு அறையில் மட்டும் வெளிச்சம். இந்த வயதுவரை ஏன் கார் பழகவில்லை என்று கேட்டேன். ஊரில் வீட்டுக்கு டிரைவர் இருந்தாராம். அப்பாவுக்கு என்ன வேலை? அரசாங்க வேலை என்றாள். உடனே கண்ணாடியைச் சரிசெய்தாள். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது.

எந்த அரசாங்க வேலைக்கு வீட்டு டிரைவர் கொடுக்கிறார்கள்?

நவம்பர் 6, வியாழன்

வெயில். சூடில்லை. பிளாசாக் கடைகளின் முன்னால் பார்க்கிங் பயிற்சி. நடுவில் கோப்பி குடிக்கும்போது லின் தானாகவே ஃபோனில் ஒரு படம் காட்டினாள். கறுப்புக் கோட் போட்ட ஒருவர் ரிபன் வெட்டுகிறார். அப்பா. அமைச்சர்!

சுரங்கத் தொழிலாளியின் மகன். பள்ளிக்கூட வாத்தியாராகத் தொடங்கியவர். கட்சிச் செயலாளர், மேயர், மாகாண ஆளுநர், பிறகு பீஜிங். ஒவ்வொரு பதவிக்கும் வீடு மாறினார்களாம். வீடு மாறும்போது பழைய சிநேகிதிகளுக்கு ஃபோன் எடுக்கக்கூடாது. மேயராக இருந்தபோது அப்பா நிலக்கீழ் ரயில் பாதை போட்டதைப் பெருமையாகச் சொன்னாள். அங்கே குடியிருந்தவர்கள்? "அகற்றினார்கள்" என்றாள். யுத்த காலத்தில் எங்களையும் எங்கள் ஊர் வலிகாமத்தில் இருந்து இப்படித்தான் அகற்றினார்கள். நான் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருட வசந்தத்திலிருந்து அப்பாவை செய்தியில் காணவில்லை. ஒரு கூட்டத்தின் படத்தில் தேடினாளாம். நாற்காலி வெறுமையாக இருக்கும் என்று நினைத்தாளாம். நாற்காலியே இல்லை. மற்றவர்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஃபோனில் காலநிலை மட்டும் பேசுகிறாராம்.

இதையெல்லாம் ஏன் எனக்குச் சொல்கிறாள்? கேட்டேன். "நீங்கள் எங்கள் ஆள் இல்லை. அதுதான்."

இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். "பெரிய இடத்து ஆக்கள். ஊரைச் சுருட்டிக்கொண்டு வந்திருப்பினம். உமக்கேன் உந்தச் சோலி?"

அதுவும் சரிதான்.

நவம்பர் 10, திங்கள்

மப்பான வானம். ரயர் இன்னும் மாற்றவில்லை. புது மாணவன் ஒருவன், சீன ஆள், நாற்பது வயதிருக்கும். கெவின் என்று பெயர் சொன்னான். வீட்டுக்கு வரவேண்டாம், பிளாசாவில் ஏற்றச் சொன்னான். ஸ்ரியரிங்கைத் தொட்டதே இல்லையாம்.

ஏறினதும் சீட்டைத் தன் காலுக்கு அளவாக இழுத்தான். கண்ணாடி மூன்றையும் திருப்பினான். லேன் மாறும்போது தோளுக்கு மேலால் பார்த்தான், நான் சொல்லாமலே. பிறகு ஏதோ நினைவு வந்தவன் போல ஒரு வலது திருப்பத்தை வேண்டுமென்றே அகலமாக எடுத்தான். இருபது வருடம் ஓட்டின கை அது.

சீன மாணவர்கள் நிறையவா? பெண்களா? எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டான். எல்லா ஆட்களும் வருவார்கள் என்றேன். ஊரில் ஆமிக்காரரின் சென்றியில் சோதனைக்கு நின்று பழகின வாய், கேட்டதற்கு மேல் வராது. இறங்கும்போது வியாழக்கிழமை அந்தப் பெண்ணுக்குப் பிறகு தனக்கு நேரம் தரமுடியுமா என்று கேட்டான்.

வியாழக்கிழமை ஒரு பெண் வருவது இவனுக்கு எப்படித் தெரியும்?

மகள் அபி: "அம்மா, ஜஸ்ற் அவரை புளொக் பண்ணுங்கோ. திஸ் இஸ் கிறீப்பி." இவர் வேறு கதை சொல்கிறார்: லின்தான் என்னைச் சோதிக்க ஆள் அனுப்பியிருப்பாளாம். அதுவும் மனதில் ஒட்டிக்கொண்டது. நித்திரை இல்லை.

நவம்பர் 13, வியாழன்

காற்று. இடத்தை மாற்றி லின்னை வோபர்ன் பக்கம் கூட்டிப்போனேன். பின்னால் வந்த ஒவ்வொரு காரும் கெவினுடையதாகத் தெரிந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

பயப்படுவாள் என்று நினைத்தேன். இல்லை. எஞ்சினை நிறுத்தினாள்.

"நீங்கள் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?"

கோபம் வந்தது. ஆனால் மூன்று நாளாக நானும் அவளை இப்படித்தானே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். லின் இறங்கி பஸ் தரிப்புக்கு நடந்தாள். மாலையில் ஒரு செய்தி: வகுப்புகள் வேண்டாம்.

நவம்பர் 17, திங்கள்

ரயர் மாற்றியாயிற்று. அரிசி, மிளகாய்த்தூள், அபிக்குக் கையுறை.

கெவின் ஃபோன் எடுத்தான். நேரம் இல்லை என்றேன். அவசரப்படாமல் சொன்னான்: "அப்படியென்றால் லின்னுக்குச் சொல்லுங்கள். அவளுடைய அம்மா ஃபோன் எடுக்கச் சொன்னார்." அவளுடைய பெயரை நான் அவனுக்குச் சொன்னதே இல்லை. பிழையான நம்பர் என்று வைத்துவிட்டேன். முட்டாள்தனம்.

உண்மையான செய்தியா, தூண்டிலா? சொல்லாமல் விட்டு, அந்தத் தாய்க்கு ஏதும் நடந்தால்? அவன் சொன்னதை அப்படியே லின்னுக்கு எழுதி அனுப்பினேன். கீழே: நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

ஃபோனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

முதல் பனி. காலையிலேயே லின் ஃபோன் எடுத்தாள். நாளைக்கு லைசன்ஸ் எடுக்க றோட் ரெஸ்ற், உங்கள் காரைத் தருவீர்களா?

போனேன். அம்மாவோடு பேசினாளாம். அம்மா யாரையும் அனுப்பவில்லை. அப்போ கெவின் யார்? அவளுக்கும் தெரியாது. ஆனால் அம்மா ஒரு வீடியோவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். காருக்குள் இருந்து பார்த்தோம். நீதிமன்றம். இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் வெள்ளைத் தலையோடு ஒரு கிழவர், தாளைப் பார்த்து வாசிக்கிறார். குற்றங்களை ஒப்புக்கொண்டு நீதிமன்றத்துக்கு நன்றி சொல்கிறார் என்று லின் மொழிபெயர்த்தாள்.

"அப்பா எப்போதும் சாயம் பூசுவார். அவருடைய உண்மையான தலைமயிரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

அவர் செய்தாரா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை." பிறகு: "உயிரோடு இருக்கிறார்."

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அகற்றப்பட்டவர்களை நினைத்தேன். அவளுடைய கையையும் பிடித்தேன். இரண்டும் ஒரே நேரத்தில்.

நவம்பர் 21, வெள்ளி

சேற்றுப் பனி. லின் பாஸ். சிரிக்கவில்லை. என் முன்னாலேயே தன் ஃபோனிலிருந்து என்னுடைய நம்பரை அழித்தாள். அவளுடையதை நானும். இங்கிருந்து போய்விடப் போகிறாளாம்; போகப்போகிற ஊரின் பெயரை என் காதுக்குள் சொன்னாள். அந்தத் தெருவில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

சாப்பிடும்போது இவர் கேட்டார், அவள் எங்கே போகிறாளாம் என்று. சொல்லவில்லை என்றேன்.

இங்கேயும் எழுதவில்லை.