கோபுரத்தில் சூடம்

அக். 12, புதன். ஷாங்காய்

விடியற்காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டர் போதவில்லை. என் வீட்டுக்காரி விஜயா சொன்னபோதே மங்கி குல்லா வாங்கியிருக்கணும்.

காலை: ரொட்டி, பால் இல்லாத டீ, வீட்டுப் புளிக்காய்ச்சல். பாணியின் ஊறுகாய் பாட்டில் பெட்டிக்குள் உடைந்து அவன் சட்டையெல்லாம் ஆவக்காய் வாசனை. வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும் அவனும் பள்ளிக்கூடத்து சிநேகம், அப்புறம் சன்னதித் தெருவில் ஒரே கடை. இருவருக்கும் முதல் விமானப் பயணம். ஜன்னல் சீட்டு எனக்கு விழுந்தது, அவனுக்குக் கொடுத்துவிட்டேன். குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டே வந்தான்.

நாளை ஃபாக்டரி. எடுத்துவைத்தவை: விஜயா பாடிய சி.டி., கடை பேர் எழுதிய அட்டை, மலைப் படம். (மொழிபெயர்க்கும் பெண்ணுக்கு முறுக்கு.)

செய்யக் கேட்கப் போவது, பட்டனை அழுத்தினால் பாடும் சின்னப் பெட்டி. கிரிவலப் பாதையில் விற்க. இங்கே புத்தருக்குச் செய்கிறார்கள், நம் அண்ணாமலையாருக்குச் செய்தால் என்ன என்று தோன்றியது எனக்கு. விஜயாவே மெட்டுப் போட்ட ‘நமசிவாய’. ஸ்டுடியோக்காரன் வளையலைக் கழற்றச் சொன்னான். கட்டின புருஷன் இருக்கும்போது வெறுங்கையாக உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். நாலாவது வரியில் வளையல் சத்தம் அப்படியே கேட்கும்.

அக். 13, வியாழன்

முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்சமாகச் செய்ய மாட்டார்களாம். நாங்கள் கேட்டதைப் போல நூறு மடங்கு எடுத்தால்தான் மெஷினைத் திருப்புவார்களாம். மானேஜர் என் சி.டி.யைக் கையில்கூட வாங்கவில்லை. வேறு ஃபாக்டரிக்குப் போகலாம் என்றேன். எல்லாம் இதே கதைதான் என்றான் பாணி. இந்த இடத்தை விசாரித்துப் பிடித்தவனும் அவன்தான். தோளில் கை போட்டு, "வுடுடா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான்.

விஜயாவுக்கு போன் பண்ணவில்லை. என்னவென்று சொல்ல?

மத்தியானம் சோறு கிடைத்தது. ஒட்டிக்கொண்ட சோறு.

அக். 14, வெள்ளி

மழை விட்டது. மூடுபனி.

இதை எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் முடியாது.

ஆற்றங்கரையில் உருண்டை உருண்டையாகக் கோத்து நிறுத்திய உயரக் கோபுரம். வந்ததற்கு அதையாவது பார்ப்போம் என்று போனோம். லிஃப்டில் காது அடைத்தது. உச்சியில் சுற்றிலும் கண்ணாடி, வட்ட நடை. நம் ஆட்களுக்கு வட்டமாக எதைக் கண்டாலும் வலம் வரத்தான் தோன்றும். செருப்பை எங்கே விடுவது என்று ஒரு நிமிஷம் தேடினேன். கீழே கட்டடங்கள் பாதிதான் தெரிந்தன, மீதி பனி.

நம் மலை இருக்கிற திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தாள் விஜயா. மேற்கு எது என்று மொழிபெயர்க்கும் பெண்ணிடம் கேட்டேன். அவள் யோசிப்பதற்குள் பாணி நேராக ஒரு கண்ணாடியின் முன்னால் போய்க் கை கூப்பிவிட்டான். சூரியனும் இல்லை, ஒன்றும் இல்லை.

அப்போது காவல்காரர் ஒருவர் வந்தார், வயசானவர். பாணியின் நெற்றிப் பட்டையைக் காட்டிச் சிரித்தார். நெருப்புக் கொளுத்துகிற மாதிரி, ஊதி அணைக்கிற மாதிரி ஜாடை. விரலை ஆட்டினார். அந்தப் பெண் தமாஷ் என்று நினைத்து இங்கிலீஷில் சொன்னாள். இன்றைக்கு நெருப்பு கூடாதாம். போன தடவை இந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ கொளுத்தினீர்களாம், ஓடிவந்து அணைத்தது இவர்தானாம்.

நம்மைப் போன்றவர்களெல்லாம் அவருக்கு ஒரே முகம், வேறு யாரையோ சொல்கிறார் என்றான் பாணி.

பௌர்ணமி என்றால் எங்கே இருந்தாலும் மலைத் திக்கைப் பார்த்து சூடம் ஏற்றுகிறவன் இவன். ரயிலில் ஏற்றி டி.டி.ஆரிடம் திட்டு வாங்கினான். திருப்பதி லாட்ஜில் திரைச்சீலையைக் கொளுத்தினான். உலகத்தில் வேறு எவன் இத்தனை உயரம் ஏறி வந்து சூடம் கொளுத்துவான்? இந்த வருஷம் அவன் ஊரில் இல்லாத பௌர்ணமி ஒன்றே ஒன்றுதான்.

"ஆவணி பௌர்ணமிக்கு வேலூர்ல மாமியார ஆஸ்பத்திரில சேத்திருக்கேன்னியேடா?"

வாட்சைப் பார்த்தான்.

அந்தப் பௌர்ணமிக்கு அவன் மாமியார் பிழைக்கணும் என்று விஜயா செருப்பில்லாமல் மலை சுற்றி வந்தாள். கால் கொப்புளத்துக்கு நான்தான் மருந்து போட்டேன்.

எதற்காக வந்தான், ஏன் மறைத்தான்? தெரியவில்லை. ஜன்னல் சீட்டை நினைத்தால்தான் ஜாஸ்தி எரிகிறது.

அக். 15, சனி

விமானம். இந்தத் தடவையும் அவனுக்குத்தான் ஜன்னல். கண்ணை மூடிக்கொண்டே வந்தான், தூங்கவில்லை. பாணி தூங்கினால் குறட்டை வரும்.

அக். 16, ஞாயிறு. தி.மலை

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய்விட்டான்.

வெந்நீர்க் குளியல், ரசம் சோறு. விஜயா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அவள் குரல் அவர்களுக்குப் பிடித்ததா? பிடித்தது என்றேன். பௌர்ணமி கழியட்டும், நாளை மறுநாள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

மலை பளிச்சென்று தெரிகிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

அக். 18, செவ்வாய்

நேற்றுப் பௌர்ணமி. நாலு மணிக்கே நடக்க ஆரம்பித்தோம். நல்ல கூட்டம். அடி அண்ணாமலையில் ஒரு தரைக்கடை. துணி விரித்து ருத்ராட்சம், சாவிக்கொத்து, நடுவில் நீலநிறத்தில் சின்னப் பெட்டிகள். ஒன்று பாடிக்கொண்டிருந்தது.

விஜயா நின்றுவிட்டாள். நாலாவது வரி வந்தது.

"ஏங்க, என் வளையல் சத்தம் கேக்குதா?"

அவள் குனிந்து பெட்டியை இரண்டு கையாலும் எடுத்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. "அதுக்குள்ள வந்துடுச்சா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க" என்று என் கையில் கிள்ளினாள். கடைக்காரரிடம், இது நான் பாடினதுங்க என்று வேறு சொன்னாள். அவர் நம்பவில்லை.

போன ஆடியில் பாணி, எதற்கும் இருக்கட்டும் என்று சி.டி.யில் ஒரு காப்பி எடுத்துப் போனான். ஆவணியில் சீனா. என்னை அழைத்துப்போய்க் காட்டியது முடியாது என்று சொல்லத் தெரிந்த ஒரு ஃபாக்டரி. துரோகி. வேறு வார்த்தை தெரியவில்லை.

மீதி வழியெல்லாம் பெட்டியைக் காதோரம் வைத்துக்கொண்டே நடந்தாள். வீட்டுக்கு வந்து அவள் முகம் கழுவப் போனபோது திருப்பிப் பார்த்தேன். அடியில் பாணி மகன் பேர், தமிழில், கொட்டை எழுத்தில். திரும்ப அப்படியே வைத்துவிட்டேன்.

இப்போது வாசலில் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் பாட வைத்துக் காட்டுகிறாள். நாங்க செஞ்சது, சைனாவிலருந்து அவர் போய்க் கொண்டாந்தது என்கிறாள். பாட்டு நிற்கிறது.

"அக்கா, அடியில யாரு பேரோ போட்டுக்கீதே?"

விஜயா என்னைக் கூப்பிடுகிறாள்.