பைனஸ் சீட்டுக்கு முன்னால் சவுக்குக் கொம்பு

டீச்சர்,

கேளம்பாக்கத்தில் மகள் வீட்டுக்கு இன்று புத்தக அலமாரி ஒன்று வந்திறங்கியது. அட்டையைக் கிழித்ததும் பிசின் வாசனை குப்பென்று அடித்தது. "பைன் மரம்பா, பாரின் சரக்கு" என்றாள். கொடைக்கானல் டூரிலிருந்து நீங்கள் மடியில் வைத்துக் கொண்டுவந்த கிளைக்கும் இதே வாசனைதான்.

நம் கடற்கரையில் பைன் ஏது? நாம் இருவரும் பாடம் எடுத்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மாமல்லபுரம் வரைக்கும் சவுக்குத் தோப்புதான். சவுக்கங்காயைப் பொறுக்கி வந்து "பைன் காய்" என்று நீட்டும் பிள்ளைகளிடம் சலிக்காமல் சொல்வீர்கள். "ஊசி மாதிரி கீதே, அத்த இழுத்துப் பாரு. கணு கணுவா கழண்டு வருதா? அது சவுக்கு, பூக்கிற மரம். பைனஸ், அதான் பைன், பூக்காது. கூம்புல செதிலுக்கு மேல விதை தொறந்து கெடக்கும். ஊசியிலை மூணு மூணா ஒரே கொத்துல கீது பாரு." இமயமலை அடிவாரம் நெடுக அது நூறடிக்கு மேல் வளர்ந்து நிற்பதை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பீர்கள். கடைசிவரை போகவில்லை.

செய்முறைத் தேர்வன்று காலை உங்களிடம் சாவி வாங்கி ஆய்வகத்தைத் திறந்தவன் நான். உங்கள் பைன் கிளை உளுத்து, ஊசியெல்லாம் உதிர்ந்து கிடந்தது. எவன் பார்க்கப் போகிறான் என்று தோப்பில் ஒரு சவுக்குக் கொம்பை ஒடித்து, நீங்கள் எழுதிய 'பைனஸ்' சீட்டுக்கு முன்னால் வைத்தேன். சோம்பேறித்தனம், வேறென்ன?

வெளியூர்த் தேர்வாளர் அதில் ஓர் ஊசியை இழுத்தார். கணு கழன்றது. "இன்னா டீச்சர், பைனுக்கும் சவுக்குக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று பிள்ளைகள் முன்னாலேயே சிரித்தார். சீட்டில் இருந்தது உங்கள் கையெழுத்து. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். மெமோ உங்களுக்கு வந்தது. ஆய்வகப் பொறுப்பையும் உங்களிடமிருந்து பிடுங்கி எனக்குக் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். மறுநாளும் எனக்குச் சேர்த்தேதான் டீ சொன்னீர்கள்.

போன மாதம் உங்கள் காரியத்துக்குத் திருக்கழுக்குன்றம் வந்தேன். படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கிளம்பியபோது உங்கள் வீட்டுக்காரர் வாசல்வரை கூடவே வந்தார்.

"அந்தக் கொம்ப யார் வெச்சதுன்னு அவளுக்குத் தெரியும் சார். நான் போயி கேக்கட்டுமான்னேன். 'வாணாம், அவரே ஒரு நாளு வந்து சொல்லுவாரு'ன்னு சொல்லிக்கினே இருந்தா."

தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஒரே பஸ்தான் டீச்சர், என் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு. ஓய்வு பெற்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள் ஏறியிருக்கலாம்.

கேட்க நீங்கள் இல்லை என்றதும் தைரியம் வந்துவிட்டது. நான்தான் வைத்தேன் டீச்சர்.