மேஜைக்குள் இருந்த பொன்வண்டு

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், உன் மேஜைதான் சுகமில்லை. உன் சளி தேவலையா, வெந்நீர் குடிக்கிறாயா? எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது, நேராகச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை உன் அறையைப் பெருக்கப் போன அம்மா, மேஜையடியில் மரத்தூள் கொட்டியிருக்கிறது என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் இடது காலில் முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை, ஜன்னல் கம்பியில் ஒரு பொன்வண்டு. பச்சையா செம்பா என்று தீர்மானிக்கவே முடியவில்லை, அது நகர நகர நிறமும் நகர்ந்தது. அது சாயமில்லை, ஓட்டின் அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பது, செத்தாலும் வெளுக்காது. அம்மா ஜன்னலைத் திறந்தாள், பறந்துவிட்டது.

போன வருஷம் நீ, மேஜைக்குள்ள யாரோ கடிக்கிறாங்கப்பா என்றாய். கணக்குப் போடாமல் தப்பிக்கப் பொய் சொல்கிறாய் என்று திட்டினேன். மரம் சோதிப்பதே என் வேலை, எனக்கே பாடமா என்று வேறு கேட்டேன். விடுதிக்குப் போனதிலிருந்து போனில் அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். உனக்குப் பரீட்சை என்று அவள் சாக்குச் சொல்கிறாள், எனக்குப் புரியாமலில்லை. உண்மை இதுதான். உன் மேஜைக்கு எடுத்த கட்டைகளை, உள்ளே புழு இருந்தால் சாகும்படி, மர டிப்போவின் சூட்டறையில் இரண்டு நாள் வைத்திருக்க வேண்டும், பள்ளி திறப்பதற்குள் மேஜையை முடிக்கும் அவசரத்தில் அரை நாளில் எடுத்துவிட்டேன். வேறு எவன் செய்திருந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்பியிருப்பேன். உள்ளே பிழைத்த புழு மூன்று வருஷம் கடித்துக் கடித்து வழி பண்ணியிருக்கிறது. நீ பொய் சொல்லவில்லை. நான் ஒருதடவை குனிந்து காதை வைத்திருந்தால் போதும், வைக்கவில்லை. தப்பு என்னுடையது.

எனக்குப் பழக்கமான தச்சரிடம் சொன்னேன். “ஊர் மரத்துக்கெல்லாம் முத்திரை குத்துற, உன் வீட்டு மேஜையில குடித்தனமா?” என்று சிரித்துவிட்டு எரிக்கச் சொன்னார். எரிக்கவில்லை. நேற்று மத்தியானம் தரையில் படுத்து ஒவ்வொரு காலிலும் காது வைத்துக் கேட்டேன், தூங்குறீங்களா என்று அம்மா கேலி செய்தாள். வலது காலில் கிர்ர் என்கிறது, இன்னொன்று இருக்கிறது. மருந்து ஊற்ற அரை நிமிஷம் போதும், ஊற்றவில்லை. எப்போது வெளியே வரும் என்று என் கருவி எதுவும் சொல்லாது. காத்திருக்க எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும், இருந்தாலும் காத்திருக்கிறேன். நீ லீவுக்கு வருவதற்குள் அது வெளியே வந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை.

நல்லா இரு, வயிறாரச் சாப்பிடு. சளி மருந்தைப் பாதியில் நிறுத்தாதே, பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டில் சாட்சி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது போனை என்னிடம் கொடுக்கும்படி அம்மாவிடம் சொல். நீ பேச வேண்டாம். போனை மேஜைக் காலில் வைக்கிறேன், கேள்.

இப்படிக்கு,
உன் மேஜைக்குக் காவலிருக்கும்
அப்பா