இடது காலின் இரண்டாவது சத்தம்

செப்டம்பர் 8, ஞாயிறு

நோபுயா பேசினான். மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

மழை உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன். வாஷிங் மெஷின் ஆடுவது நின்றதா? நின்றது. சாப்பிட்டாயா? ஆயிற்று. நீ? ஆயிற்று. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் "சரி" என்றோம்.

கணவன் பேசிய நேரத்தை வினாடி வரை தெரிந்துவைத்திருப்பது நல்ல குணமா, தெரியவில்லை. கல்லூரியில் வந்த பழக்கம். கார் பந்தயக் குழுவில் நான்கு வருடமும் பையன்கள் ஓட்டினார்கள். நான் ஓரமாக நின்று ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். நோபுயாவை முதலில் எனக்கு ஒரு நேரமாகத்தான் தெரியும். பெயர் பிறகு.

கம்பெனி அவனைக் கிதாக்யூஷு தொழிற்சாலைக்கு மாற்றி இரண்டரை வருடம் ஆகிறது. நூலக வேலையை விட முடியாமல் நான் ஹமாமட்சுவிலேயே இருந்துவிட்டேன். எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். மாதம் ஒருமுறை வருகிறான், தூங்குகிறான், போகிறான். சண்டை இல்லை. சண்டை போடவும் ஒரு விஷயம் வேண்டுமே.

அவனிடம் சொல்லாத ஒன்று உண்டு. மூன்று வாரமாக அவனுடைய பந்தய இருக்கையில் உட்கார்கிறேன். ஆறு பாய் விரிக்கும் அளவுள்ள அறையில் இரும்புச் சட்டம், அதில் இருக்கை, ஸ்டீயரிங், இரண்டு பெடல், எதிரே திரை. கார் திரையில்தான் ஓடுகிறது; கைக்கும் காலுக்கும் அது தெரியாது. அங்கே கம்பெனி விடுதி அறைக்குச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டு இதை இங்கே விட்டுப் போனான். "தூசி படாம பாத்துக்க" என்றான்.

தூசி துடைக்கத்தான் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

"உன் வண்டியை நான் ஓட்டிட்டிருக்கேன்."

"எந்த வண்டி?"

"தூசி படாம பாத்துக்கச் சொன்னியே, அது."

ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டான். சொன்னேன். சிரித்தான். எத்தனை நாளாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு.

"பிரேக் எந்தக் கால்ல பிடிக்கிற?"

"வலது கால்ல. வேற எதுல?"

"ஆக்ஸிலேட்டருக்கும் அதே காலா? அது ஒரு பெடல்லேர்ந்து இன்னொண்ணுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வளைவு வந்துடும். இதுல கிளட்ச்சே இல்ல. இடது கால் என்ன பண்ணுது?"

"சும்மா கெடக்கு. வீட்டுக்கு வந்தா நீ கெடக்கற மாதிரி."

நவம்பர் 30 அன்று மூன்று மணிநேரப் பந்தயம் ஒன்று இருக்கிறதாம். அவரவர் வீட்டிலிருந்து, ஒரு காருக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றி ஓட்டவேண்டும். அவனுடைய கூட்டாளிக்குக் குழந்தை பிறந்துவிட்டது. "நீ வர்றியா?" என்றான். உடனே, "சும்மா சொன்னேன்" என்றான்.

"நான் சும்மான்னு எடுத்துக்கல."

இருபத்தொரு நிமிடம் எட்டு வினாடி.

செப்டம்பர் 17, செவ்வாய்

இடது காலால் முதல் நாள். முதல் வளைவுக்கு முன்பே சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் நேராகச் சரளையில் போய் நின்றது. எட்டு முறை.

பதினைந்து வருடம் கிளட்ச் மிதித்த கால் இது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தரை வரை மிதி, பிறகு எடு. நடுவில் ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த பிரேக் எவ்வளவு தூரம் மிதிக்கிறோம் என்று பார்ப்பதில்லை; எவ்வளவு பாரம் விழுகிறது என்றுதான் பார்க்கிறது. திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஏறி இறங்குகிறது. பாதியில் நிறுத்தப் பார்த்தேன். சன்னலில் மாட்டிய பட்டாம்பூச்சி மாதிரி அடித்துக்கொண்டது.

நாற்பத்தாறு வயதில், என் உடம்பில் எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு கால்.

செப்டம்பர் 22, ஞாயிறு

முப்பத்துநான்கு நிமிடம். இருபது நிமிடம் என் காலைப் பற்றியே பேசினோம்.

அக்டோபர் 1, செவ்வாய்

குளியலறை எடைமெஷினைச் சுவரில் சாய்த்துவைத்து, நாற்காலியில் உட்கார்ந்து இடது காலால் அழுத்துகிறேன். இருபது கிலோ. பத்து. ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து. நோபுயா சொல்லிக்கொடுத்தது.

நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் இடத்திலும் கால் தானாக அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்து நாற்காலி ஒரிஹாரா கேட்டாள்: "கால் மரத்துப்போச்சா அக்கா? இல்ல, யாரையாவது மனசுல வச்சு மிதிக்கறீங்களா?"

அக்டோபர் 10, வியாழன்

லிஃப்டில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. "இரவு எட்டு மணிக்கு மேல் தரையில் மோதும் சத்தம் கேட்பதாகத் தகவல் வந்துள்ளது. குடியிருப்போர் அனைவரும் கவனம் கொள்ளவும்."

அனைவரும் என்று எழுதுவார்கள். யாருக்கு என்பது அந்த ஒருவருக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு மாடியாக விளக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். முகம் சுட்டது.

என் வீட்டுக்கு நேர் கீழே கசாமா என்பவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நகரப் பேருந்து ஓட்டுகிறார் என்று மட்டும் தெரியும். விடிவதற்கு முன்பே வேலைக்குப் போகிறவர். எட்டு மணிக்குத் தூங்குகிறவரின் தலைக்கு மேலே மூன்று வாரமாக மிதித்திருக்கிறேன்.

திரையை அணைத்து, இருக்கையின் மேல் விரிப்பைப் போட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஓட்டவில்லை என்றேன். ஏன் என்றான். சொன்னேன். "ஓ, அப்ப கஷ்டம்தான்" என்றான். பிறகு மழை உண்டா என்று கேட்டான்.

நான்கு நிமிடம் பத்து.

அவ்வளவுதானா? ஒரு பெடல்தானா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சம் இருந்தது? அதையும் எடுத்துவிட்டால் மழையும் வாஷிங் மெஷினும்தானா?

அக்டோபர் 20, ஞாயிறு

மன்னிப்புக் கேட்க இனிப்புப் பெட்டியோடு போவது என்று முடிவு செய்தேன். ஊருக்குள் பழைய கடை ஒன்றில் மோனகா வாங்கினேன் – காகிதம் போல மெல்லிய மொறுமொறு ஓடு, உள்ளே இனிப்புப் பயறு. கடைக்காரம்மா மடிப்புக் கலையாமல் சுற்றிக் கொடுத்தாள். பக்கத்து இருக்கையில் அதை வைத்தேன். அதன் பக்கத்திலேயே ஐந்து கிலோ அரிசிப் பை. இதுதான் நான் செய்த முதல் தவறு.

இரண்டாவதை என் இடது கால் செய்தது. சிவப்பு விளக்கை நோக்கி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். கேட்காமலே அந்தக் கால் எழுந்தது. கிளட்ச் இல்லாத எங்கள் சின்னக் காரில் இடது ஓரத்தில் இருப்பது, வண்டியை நிறுத்தி வைத்த பின் மிதிக்கும் பிரேக். அதைத் தரை வரை மிதித்தது. பின் சக்கரங்கள் கத்தின. கார் குலுங்கி நின்றது. நல்லவேளை, பின்னால் யாரும் இல்லை. இனிப்புப் பெட்டி கீழே விழுந்தது. அதன் மேல் அரிசி விழுந்தது.

மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். இனி நிஜக் காரில் இடது கால் இருக்கைக்கு அடியில்தான்.

கடை அடைத்திருப்பார்கள். பெட்டியை அசைத்தால் சரளை மாதிரி சத்தம். உடைந்ததைக் கொடுக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது? நாளைக்குப் பார்க்கலாம் என்று மாடிப்படியில் திரும்பினேன். குப்பை போட்டுவிட்டு கசாமா எதிரே வந்தார். என் கையில் பெட்டி. தப்ப வழியில்லை. குனிந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் – மேலே சத்தம் போட்டது நான்தான், பெட்டி உடைந்தது இப்படித்தான்.

அவர் அங்கேயே காகிதத்தைப் பிரித்தார். ஒரு நொறுங்கலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ருசி உடையல" என்றார். "பிரேக்தான்னு நெனச்சேன்."

"என்னது?"

"மேல கேக்கறது. முப்பது வருஷமா பஸ் ஓட்டறேன், ஹோரி-சான். மூணே நாள்ல தெரிஞ்சுபோச்சு. டொம்முனு ஒண்ணு வருது. அது நீங்க மிதிக்கறது. அதுகூடப் பரவால்ல, கீழ மெத்தை எதையாவது போட்டா அடங்கிடும். அடுத்தாப்ல டக்குனு ஒண்ணு வருது பாருங்க, அதான் தூங்க விடமாட்டேங்குது."

"அது என்ன?"

"நீங்க காலை எடுக்கறது. மெதுவா விடறதே இல்ல, அப்படியே கைவிட்டுடறீங்க. பெடல் எகிறி வந்து அடிக்குது. பஸ்ஸை இப்படி நிறுத்தினா நின்னுட்டிருக்கற பாட்டிங்கல்லாம் என் மடியிலதான் உக்காருவாங்க. எனக்கும் அது சரியா வர நாலு வருஷம் ஆச்சு. நாலு வருஷமும் திட்டுதான்."

எட்டு மணிக்கு மேல் தொடவே மாட்டேன் என்றேன்.

"எட்டுக்கு முன்னாடி மிதிங்க. ஆனா எண்ணுவேன்."

"எதை?"

"ரெண்டாவது சத்தத்தை" என்று சொல்லிவிட்டு, பெட்டியோடு உள்ளே போனார்.

அக்டோபர் 22, செவ்வாய்

நேற்று நூலகத்துக்கு விடுமுறை. இரண்டு தடித்த ரப்பர் விரிப்புகளும் ஒரு பழைய மெத்தையும் வாங்கி சட்டத்துக்குக் கீழே போட்டேன். மாலை ஒரு மணிநேரம் ஓட்டினேன். இன்று காலை தபால் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு, சின்ன எழுத்தில்: "61."

அக்டோபர் 29, செவ்வாய்

"38. ஆறரை மணிக்கு மேல் மோசம். பசியா?"

பசிதான்.

நவம்பர் 5, செவ்வாய்

"12."

இதில் வேடிக்கை என்னவென்றால், நேரம் குறைகிறது. சத்தத்துக்குப் பயந்து பிரேக்கை மெல்ல மெல்ல விடுகிறேன்; விட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன்; காரின் மூக்கு அந்தப் பாரத்திலேயே உள்ளே திரும்பிவிடுகிறது. சிவப்புக் கோடு குன்றுச் சரிவு மாதிரி இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு மூன்று வினாடி மிச்சம். கீழ் வீட்டுக்காரர் தூங்கவேண்டுமே என்று செய்தது.

ஞாயிறன்றே நோபுயாவிடம் சொன்னேன். சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பு என்றான். அனுப்பினேன். ஐம்பத்திரண்டு நிமிடம்.

நவம்பர் 24, ஞாயிறு

இருவரும் சேர்ந்து ஒத்திகை. பதினொன்றாவது வளைவு, கொண்டை ஊசி. மூன்று முறை சுழன்றேன். காதில் அவன் குரல்: "இன்னும் முன்னாடியே பிடி." "விடாத." "விடு." "ஐயோ, அங்க இல்ல." நான்காம் முறை சுவர். கார் போயிற்று.

அவன் கோபப்படவில்லை. அதுதான். "பரவால்ல மிசாவோ, முடியலேன்னா இங்க தொழிற்சாலைலயே ஒரு பையன் இருக்கான், அவனைக் கேட்டுப் பாக்கலாம்" என்றான், ரொம்ப மென்மையாக, கஸ்டமர் யாரிடமோ பேசுவது போல.

கேளு. அவனையே கேளு. நான் ஓரமா நின்னு வாட்சைப் புடிச்சுக்கறேன். இருபத்தஞ்சு வருஷமா அதுதானே பண்றேன். நீ ஓட்டு, நான் எழுதறேன். நீ ஊருக்குப் போ, நான் தூசி துடைக்கறேன் – இதை அவனிடம் சொன்னேனா? இல்லை. "சரி" என்றேன். வைத்துவிட்டேன். சொல்லியிருக்கலாம்.

நேரம் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை அவன் பேசியதே கிடையாது. இன்று பேசினான்.

"அந்தப் பையனைக் கேக்கல."

"ஏன்?"

"கேக்கத் தோணல." பிறகு, "நீ சுவத்துல மோதினப்போ பெரிசா ஒரு கெட்ட வார்த்தை சொன்னே, ஞாபகம் இருக்கா? உன் வாயில அதை நான் கேட்டதே இல்ல. ரெண்டு நாளா சிரிச்சிட்டிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். எல்லாவற்றையும். அவன் சிரிக்கவில்லை. 

"அன்னிக்கு நீ வாட்சோட நிப்பே இல்ல" என்றான். "நீ ஓட்டறியான்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

"இல்ல."

"ம்."

நவம்பர் 30, சனி

இருபத்தாறு கார்களில் பதினேழாவது.

நடுவில் ஒரு மணி இருபது நிமிடம் என்னுடையது. கொண்டை ஊசியில் ஒரு முறையும் சுழலவில்லை. வண்டியை அவனிடம் மாற்றிக் கொடுத்தபோது கால் ஓய்ந்துபோயிருந்தது; எடைமெஷினில் ஐந்து கிலோகூட நிறுத்திப் பிடித்திருக்காது. "முழுசா கொண்டுவந்துட்ட" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மாலை தபால் பெட்டியில் சீட்டு: "2. இரண்டும் உங்கள் முறையின் கடைசிப் பத்து நிமிடத்தில். களைப்பு. நன்று."

பந்தயத்தைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன்; இன்று கசாமாவுக்கு விடுமுறை. எங்காவது வெளியே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்.

டிசம்பர் 28, சனி

புத்தாண்டு விடுமுறைக்கு நோபுயா வந்தான். ஸ்டேஷனுக்கு நான் காரை எடுக்கவில்லை, பஸ்ஸில் போனேன். வீடு திரும்ப ஏறிய பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கையில் கசாமா. வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு விரலால் தொப்பியைத் தொட்டார். வேலை நேரத்தில் பேசமாட்டார்.

"அவரா?" என்றான் நோபுயா காதருகே.

"அவரேதான்."

"பயமா இருக்கு. என்னையும் எண்ணுவாரோ?"

பின்வரிசையில் உட்கார்ந்தோம். பையில் அவன் வாங்கிவந்த மோனகா பெட்டி – அவருக்குக் கொடுக்க, உடையாத ஒன்று. மடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். ஸ்டேஷனிலிருந்து பேசிக்கொண்டே வந்தோம். எவ்வளவு நேரம் என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது; வாட்சைப் பார்க்கவே இல்லை.

பாலம் தாண்டி இறக்கத்தில் சிவப்பு விளக்கு. பஸ் வேகம் குறைந்தது, குறைந்துகொண்டே வந்தது, எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றது. மேலே தொங்கிய கைப்பிடிகள்கூட ஆடவில்லை.

கீழே பார்த்தேன். என் இடது கால் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அவனுடைய இடது காலும்.

அவனும் பார்த்துவிட்டான்.

"நீ கொஞ்சம் லேட்டா பிடிச்சே" என்றான்.

"நீதான் சீக்கிரம்."

விளக்கு பச்சையாகும் வரை இருவருமே காலை எடுக்கவில்லை.