அறுபத்துநாலு போட்டது நான்

இன்று காலை மூலக்குளத்தில் நம் கடைக்கு ஒருவர் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "முப்பத்திரண்டு பிட் விண்டோஸுக்கு இனிமே அப்டேட் ஒண்ணும் வராதாமே. அறுபத்துநாலு போட்டுடுங்க" என்றார். மூடியைக் கழற்றியதும் சூடேறிய தூசியின் வாசனை. உன் ரத்தம் தரையில் கிடந்த அன்றும் கடையில் இதே வாசனைதான்.

பல வருடங்களுக்கு முன் வந்த அது, பேனர் அச்சடிக்கிற ஒருவருடைய கணினி. புதிதாக வாங்கிய ராம் மெமரியைக் கொடுத்து, அது முழுசாக ஓடணும் என்றார். அதற்கு அறுபத்துநாலு பிட் வேண்டும். நீ என்னிடம் முன்பே சொல்லியிருந்தாய். "அவரு பிரிண்டர ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் முப்பத்திரண்டுக்குத்தான்டா இருக்கு. அறுபத்துநாலு போட்டா பிரிண்டர் அசையாது." நீ காலாப்பட்டுக்குப் போயிருந்த மத்தியானம், அவர் நச்சரிப்புத் தாங்காமல் நான் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் இரண்டு ஆட்களோடு வந்தார். கணினியை மேசையில் போட்டார். சாயங்காலம் கட்சித் தலைவர் வருகிறார், ஒரு பேனர்கூட அச்சாகவில்லை. கையில் பேனர் கட்டும் இரும்புக் குழாய்.

"எவன்டா இதுல கை வச்சது?"

நான் குனிந்து மேசையையே பார்த்தேன். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு எழுந்தாய். "நான்தாண்ணே. பழையபடி மாத்தித் தரேன்."

முதல் அடி காதோடு விழுந்தது. மேசையைப் பிடிக்கப் போன வலது கையில் அடுத்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்த உன்னை ஆட்கள் இருவரும் வயிற்றில் மிதித்தார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். காலரைப் பிடித்துத் தூக்கி உன்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கீபோர்டில் ரத்தம் சொட்டச் சொட்ட, இடது கையாலேயே முப்பத்திரண்டைத் திரும்ப ஏற்றினாய். அதுவரை குழாய் உன் தலைக்கு மேலேயே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், "ஏன்டா உன் மேல போட்டுக்கிட்ட?" என்றேன்.

"நீ வாயே தொறக்கல. யாராவது சொல்லணும்ல."

அதற்குப் பிறகு நாம் அதைப் பேசவே இல்லை. கை கூடியது. அந்தக் காது கடைசிவரை கேட்கவில்லை.

போன மாதம் மாரடைப்பில் நீ போனாய். கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு உன் மனைவியிடம் சொன்னேன்: "அன்னிக்கு அத மாத்துனது நான்தாம்மா. அடி எனக்கு விழ வேண்டியது."

அவள் எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்ண்ணே. அன்னிக்கே சொல்லிட்டாரு. அவன்கிட்ட கேட்டுடாத, அப்புறம் அவன் நம்ம வீட்டுக்கே வரமாட்டான்னு சொன்னாரு."

அத்தனை வருடமும் உன் வீட்டில் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். ஒருநாளும் அவள் முகம் மாறியதில்லை. வாங்காத அந்த அடியை இப்போது தினமும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.