வெள்ளை முயல்களுக்கு ஒரு ஜோடிக் கண்மலர்

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு ஆடி ஆகிவிட்டது. இன்று உங்கள் மகள் செல்வி வந்திருந்தாள். மணப்பெண் அலங்காரம் படித்து முடித்துவிட்டாள். நாளை வேடசந்தூரில் முதல் கல்யாணம். பெட்டியை விரித்து ஒரு மை டப்பாவைக் காட்டினாள். அதன் அடியில் சின்னதாக ஒரு முயல் படம்.

“இது எதுக்குத்தா?” என்றேன்.

“முயல் கண்ணுல விட்டுச் சோதிக்காத மைன்னு அர்த்தம் அத்தை. நம்ம நாட்டுல இப்ப அப்படிச் செய்யக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஒங்களுக்கு எங்க தெரியப்போகுது” என்று சிரித்தாள்.

எனக்குத் தெரியும் மதினி. உங்களிடம்தான் சொல்லவில்லை.

எரியோட்டில் நம் வீட்டுக் கொல்லையில் வெள்ளை முயல் வளர்த்தோமே. கறிக்கடைக்குக் கொடுக்க உங்களுக்கு மனசு வரவில்லை. ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று ஒரு தரகர் வந்தார். “கறிக்கு இல்ல மதினி, உசுரோட இருக்கும்” என்று உங்களைச் சம்மதிக்க வைத்தது நான். நோட்டில் ‘உயிரோடு போனவை’ என்று தனிப்பக்கம் போட்டு, மேலே பிள்ளையார் சுழியும் இட்டேன்.

ஒருநாள் நீங்கள் இல்லாதபோது, அங்கே எப்படி வைத்திருப்பார்கள் என்று அவரிடம் கேட்டேன்.

“தலைய மட்டும் வெளிய விட்டுப் பெட்டிக்குள்ள அடைச்சிருவாங்க. கண்ணுல மை, ஷாம்பூன்னு விட்டுப் பாப்பாங்க.”

“பெறகு?”

“பெறகென்ன, மாலை போட்டா திருப்பி அனுப்புவாங்க?”

இடுப்பு வலி என்று பொய் சொல்லி முயல் வளர்ப்பை நிறுத்தினேன். “ஒனக்கு வலியுமில்ல ஒண்ணுமில்ல, சோம்பேறித்தனம்” என்றபடி கண்ணாடி முன் நின்று மை தீட்டினீர்கள். அம்புட்டு அழகான கண் உங்களுக்கு. அந்த நேரத்தில் எப்படிச் சொல்வேன்?

மருந்துக்கு என்றாலாவது மனசு ஏதோ ஒரு சமாதானம் தேடும். மைக்கு? கண்ணைக் கசக்கிக்கொள்ளக்கூட அவற்றுக்கு வழி இருந்திருக்காதே. உங்களுக்குத் தெரியாமலே போக விட்டது இரக்கமா, கோழைத்தனமா?

வீட்டில் யாருக்குக் கண் நோவு வந்தாலும் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவோமே. செல்வி போனதும் வெள்ளியில் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். “யாருக்கும்மா கண்ணுல கோளாறு?” என்று பூசாரி கேட்டார். கண்மலரை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிவிட்டேன். பிள்ளைக்குச் சொல்லாததை அம்மனுக்கு மட்டும் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை செல்வியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் திட்டினால் நீங்கள் திட்டியதாக வாங்கிக்கொள்கிறேன். வந்தால் அவளோடு, வராவிட்டால் தனியாகக் கோயிலுக்குப் போவேன். பூசாரி கேட்டால், “எங்க வீட்டு முயல்களுக்கு சாமி” என்று சத்தமாகச் சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம் மதினி.

உங்களிடம் ஒன்றை மறைத்த நாத்தனார்,
ராஜாத்தி